வாடிய மிளகாய் நாற்றுக்கு நீர்தான் மருந்தா?



சமையலறையில் நறுக்கிய மிளகாயின் விதைகளை ஒரு நெகிழிக் குவளையில் விதைத்துப் பார்த்திருப்பீர்கள். பினாங்கின் வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் அவை முளைத்துவிடும். நான்கைந்து வாரத்தில் நாற்றுக்குக் குவளை போதாது. பெரிய பூச்சாடிக்கு மாற்றுகிறோம். மறுநாள் நண்பகலில் பார்த்தால் இலைகள் தொங்கிக் கிடக்கின்றன. தாகம் என்று நினைத்து நீர் ஊற்றுகிறோம். மாலையில் மீண்டும் ஊற்றுகிறோம். சில நாள்களில் நாற்று மடிந்துவிடுகிறது.

அறிவியல் ஆசிரியரான நானும் என் அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் இப்படிச் சில நாற்றுகளைக் கொன்றிருக்கிறேன். மண்ணில் நீர் இருந்தும் செடி வாடியது ஏன்?

வேர்த்தூவிகள் செய்யும் வேலை

நீரைப் பெரும்பாலும் உறிஞ்சுவது நம் கண்ணுக்குத் தெரியும் தடித்த வேர் அன்று. வேர் நுனியை ஒட்டி மெல்லிய மயிர்போல் வளரும் வேர்த்தூவிகள்தாம். ஒவ்வொரு தூவியும் ஒரே ஓர் உயிரணுவின் நீட்சி. மண்துகள்களோடு ஒட்டியிருக்கும் இவை, சவ்வூடு பரவல் முறையில் நீரை உள்ளே இழுக்கின்றன. நாற்றைப் பிடுங்கி மண்ணை உதறினால் இவற்றுள் பல அறுந்துபோகும்.

இலைகளோ வழக்கம்போல் நீராவியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். வரவு குறைந்து செலவு குறையாததால் செடி வாடுகிறது. அந்த நேரத்தில் மேலும் மேலும் நீர் ஊற்றினால், மண்ணில் காற்று இருக்கவேண்டிய இடைவெளிகளை நீர் அடைத்துக்கொள்ளும். வேரும் சுவாசிக்கிறது, அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். அது கிடைக்காத வேர் அழுகுகிறது. வேர் அழுகினால் செடி இன்னும் வாடும். நாமோ இன்னும் ஊற்றுவோம்!

மாற்றி நடும் முறை

1. விதையிலைகளைத் தவிர்த்து நான்கு முதல் ஆறு உண்மை இலைகள் வந்ததும் மாற்றுங்கள்.

2. முதலில் 10 செ.மீ. அகலச் சாடி போதும். சிறு நாற்றைப் பெரிய சாடியில் நட்டால், அது குடிக்காத நீர் மண்ணிலேயே தேங்கும். செடி வளர்ந்தபின் 25 முதல் 30 செ.மீ. சாடிக்கு மாற்றலாம். அடியில் துளைகள் கட்டாயம் வேண்டும்.

3. மேல்மண் 3 பங்கு, மக்கிய உரம் 2 பங்கு, மணல் 1 பங்கு எனக் கலந்துகொள்ளுங்கள். மணல் நீர் வடிய உதவும்.

4. வெயில் தணிந்த மாலையில் நடுங்கள். குவளையைக் கவிழ்த்து, மண்கட்டி உடையாமல் நாற்றை எடுங்கள். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடியுங்கள். ஓர் இலை போனால் வேறோர் இலை வரும். தண்டு நசுங்கினால் செடியே போய்விடும்.

5. முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு, அடித்துளையில் நீர் வடியும்வரை ஒருமுறை ஊற்றுங்கள்.

6. இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்குப் பழக்குங்கள். நன்கு வேரூன்றிய செடிக்கு நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது தேவை.

7. ஒரு வாரம், பத்து நாள் கழித்தே உரமிடுங்கள். உரம் மிகுந்தால் வேருக்கு வெளியே கரைசலின் செறிவு கூடும். அப்போது நீர் வேரிலிருந்து வெளியேறும்.

அதன்பின் நீர் ஊற்றுமுன் விரலின் முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மழை மிகுந்த மாதங்களில் சாடியைச் செங்கல்மேல் வைத்தால் நீர் எளிதில் வடியும். இலை சுருண்டால் அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். அசுவினியோ இலைப்பேனோ அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கண்ணாடிப் பெட்டியின் பாடம்

மண் ஈரமாக இருந்தும் நாற்று வாடினால் என்ன செய்வது? அடிப்பகுதி வெட்டிய நெகிழிப் புட்டியால் நிழலிலேயே மூடிவையுங்கள். புட்டியின் மூடியைத் திறந்துவிடுங்கள். உள்ளே காற்றின் ஈரப்பதம் கூடுவதால் இலை இழக்கும் நீர் குறையும். இதற்குள் புதிய வேர்த்தூவிகள் முளைத்துவிடும்.

இது பழைய உத்திதான். 19ஆம் நூற்றாண்டில் நத்தானியல் வார்ட் என்ற லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் நெடுநாள் வாழ்வதைக் கண்டார். 1876இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து ரப்பர் நாற்றுகள் இத்தகைய பெட்டிகளில்தாம் இலங்கைக்குக் கப்பலேறின. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. நம் முன்னோர் பால்மரம் சீவிய தோட்டங்களின் வரலாறு, பத்திரமாக இடம் மாறிய இந்த நாற்றுகளிலிருந்து தொடங்குகிறது.

நீங்களே சோதியுங்கள்

ஒரே வயதும் உயரமும் உள்ள இரண்டு நாற்றுகளை எடுங்கள். ஒன்றை மண்கட்டியோடு நடுங்கள். மற்றதன் வேரைக் கழுவிவிட்டு நடுங்கள். ஐந்து நாள் நண்பகலில், தொங்கும் இலைகளை எண்ணிக் குறித்துவையுங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

அ. இச்சோதனையில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எவை?

ஆ. காலையில் நடாமல் மாலையில் நடச் சொல்வது ஏன்?

இ. புட்டியால் மூடிய நாற்றை நேர் வெயிலில் வைத்தால் என்ன ஆகும்?