கடற்கரையில் படம் எடுக்கலாம் வாங்க!

குற்றாலத்துக்காரனான எனக்கு அருவிதான் பழக்கம். போன வருடம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போனபோது செல்போனில் அறுபது படம் எடுத்தேன். கடல், கோபுரம், கூட்டம் எல்லாம் இருந்தது; கதைதான் இல்லை.

பிறகு ஒரு படம் பார்த்தேன். சுனாமி வந்து இரண்டு நாள் கழித்து, 28.12.2004 அன்று, கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்தது. உறவை இழந்த ஒரு பெண் மணலில் கவிழ்ந்து கதறுகிறார். இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. கடலே இல்லை! 2004-க்கான 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' விருது அதற்குத்தான்.

நான் கற்றுக்கொண்டது:

1. ஒரு ஆள், ஒரு செயல் போதும். மற்றதை விட்டுவிடுங்கள்.

2. படத்தை மூன்று பட்டையாக நினையுங்கள். அடிவானம் மேல்கோட்டிலோ கீழ்க்கோட்டிலோ நேராக இருக்கட்டும். ஆளின் கழுத்தை வெட்டக் கூடாது.

3. உச்சிவெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். காலை, மாலை வெயிலே நல்லது.

அறுபதில் இப்போது ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாத என் அப்பா, என் செருப்பைக் கையில் பிடித்தபடி அலையைப் பார்த்து நிற்கிறார். தெரியாமல் எடுத்த படம்தான். இனிமேல் தெரிந்தே எடுக்க வேண்டும்.