கட்டிளமைப் பருவமும் போதைப் பழக்கத்தின் தொடக்கமும்

மது, புகை முதலியவற்றின் தீங்கை அறியாமையினாலேயே மாணாக்கர் அவற்றை நாடுகின்றனர் என்று நாம் பொதுவாக எண்ணுகின்றோம். ஆதலின் தீங்கை எடுத்துரைத்தாற் போதுமெனவும் கருதுகின்றோம். ஆயின், தீங்கை நன்கறிந்த மாணவனும் முதற் சிகரற்றைப் பற்றவைக்கின்றான். அறிவிருந்தும் அது வேண்டிய கணத்தில் உதவாமற் போவதேன் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

பின்விளைவை எண்ணுமுன் செயலில் இறங்கும் இயல்பை மனவுந்தல் எனக் குறிப்போம். இஃது ஒரே தன்மையதன்று. புதுமையையும் கிளர்ச்சியையும் தேடுவது ஒன்று. எண்ணாது துணிவது மற்றொன்று. துயரமோ சினமோ மேலிடும்போது தன்னை அடக்கமாட்டாமை இன்னொன்று. முதலாவது இயல்புடையோன் விளையாட்டிடத்திலும் மலையேற்றத்திலும் சிறத்தல் கூடும். மூன்றாவது இயல்புடையோனே, போதையைத் தொட்டபின் மீளமுடியாது இடர்ப்படுவோனாகப் பெரிதும் காணப்படுகின்றான்.

கட்டிளமையில் உந்தல் மிகுதற்கு உடலிலும் காரணமுண்டு. இன்பத்தை நாடும் மூளைப் பகுதிகள் பூப்புப் பருவத்தை ஒட்டியே விரைந்து கிளர்கின்றன. எண்ணித் தடுக்கும் முன்மூளையோ ஏறத்தாழ 25 வயதுவரை முதிர்ந்துகொண்டிருக்கின்றது. காளை முந்தி வலுக்க, மூக்கணாங்கயிறு பிந்தி வந்து சேர்கின்றது.

தோழர் கூட்டம் இவ்வுந்தலைப் பெருக்குகின்றது. அமெரிக்க ஆய்வாளராகிய காட்னர், ஸ்ரைன்பேர்க் என்போர் 306 பேரைக் கார் ஓட்டும் விளையாட்டொன்றிற் சோதித்து, முடிவை 2005இல் வெளியிட்டனர். தோழர் அருகிருந்தபோது 13 முதல் 16 வயதினர், தனித்திருந்தபோதிலும் மிகத் துணிகரமாக ஓட்டினர். 24 வயதைக் கடந்தோரிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் பல பதிப்புகளில் நட்பியலுள் அமைந்திருத்தல் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

நியூசிலாந்திலுள்ள டனீடன் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளிற் பிறந்த 1037 பிள்ளைகள் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றனர். சிறுவயதில் தன்னடக்கங் குறைந்தோர் 15 வயதிற்குள் புகைக்கத் தொடங்குதலும், 32 வயதிற் போதைக்கு அடிமைப்பட்டிருத்தலும் மற்றையோரினும் மிகுதியெனக் கண்டனர். அதே ஆய்வு ஆறுதலும் தருகின்றது: வளருங்காலத்திற் தன்னடக்கத்தில் முன்னேறியோர் பிற்காலத்திற் சிறந்த நிலையை எய்தினர். எனவே இயல்பு தலைவிதியன்று.

தொடக்கத்தைப் பிற்போடுதலும் பயனுடையதே. அமெரிக்காவில் 1997இல் வெளியான ஆய்வொன்றின்படி, 15 வயதிற்கு முன் குடிக்கத் தொடங்கியோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் வாழ்நாளில் எப்போதேனும் மதுவுக்கு அடிமைப்பட்டனர். 20 வயதிலோ அதன்பின்னரோ தொடங்கியோருள் ஏறத்தாழ 10 பேரே அவ்வாறாயினர். முந்தித் தொடங்கியமையே முழுக் காரணமென்று இதனாற் துணிதல் கூடாது. உந்தல் மிக்கோரே முந்தித் தொடங்கினராதலும் கூடும். எனினும், முதிராத மூளையை நஞ்சினின்று காத்தல் எவ்வாற்றானும் நன்றே. நம் நாட்டின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டமும் 21 வயதிற்குட்பட்டோர்க்கு மதுவும் புகையிலைப் பொருளும் விற்றலைத் தடுக்கின்றது.

இவற்றால் நாம் கொள்ளவேண்டியவை மூன்று. மாணவர்க்கு: மறுமொழியை முன்னரே ஆயத்தஞ் செய்துகொள்க, கூட்டத்தின் நடுவே சிந்தித்துத் தீர்மானிப்போமென நம்பியிருத்தல் தகாது. ஆசிரியர்க்கு: முதற் பிழைக்கே மாணவனை வெளியேற்றுவது, உந்தல் மிக்கவனை அவனை எதிர்பார்த்திருப்போர் கையில் நாமே ஒப்படைப்பதாகும், அவனைத் தண்டிப்பினும் கல்லூரிக்குள் வைத்தே திருத்துக. பழைய மாணவராகிய நமக்கு: துடுப்பாட்டப் போட்டி நாளிலும் ஒன்றுகூடலிலும் நம் கையிலுள்ள கிண்ணத்தை இளையோர் காண்கின்றனர். அன்பின் பெயரால் அதனை அவர்பால் நீட்டாதிருத்தலே கல்லூரி அன்னைக்கு நாம் செலுத்தும் முதற் காணிக்கையாகும்.