அருகி வழங்கும் பணிசெயல் முறைமைகள் இரண்டு

கணினியின் திரை, விசைப்பலகை, நினைவகம், வன்தட்டு என்னும் உறுப்புக்கள் யாவும் தத்தம் தொழிலை மட்டும் அறிந்தவை. அவற்றை ஒருங்கிணைத்து, நாம் எழுதும் கடிதத்துக்கும் கேட்கும் இசைக்கும் இடங்கொடுக்கும் மென்பொருளே பணிசெயல் முறைமை எனப்படும். வின்டோசின் பெயரை அறியாத மாணாக்கர் இன்று அரியர். ஆயின், சிறு குழுவினரின் உழைப்பால் வாழ்வனவும், மூலநிரல் எவர்க்கும் திறந்திருப்பனவுமாகிய வேறு முறைமைகளும் உள. அவற்றுள் ஹைக்கூ, ஓப்பன்பிஎஸ்டி என்னும் இரண்டையும் பழைய மடிக்கணினியொன்றிலே நிறுவி, சில மாதங்கள் நாட்கருமங்களுக்குப் பயன்படுத்திக் கண்டவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

இம்முயற்சிக்குக் காரணம் ஒன்றுண்டு. வின்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவுற்றது. வின்டோஸ் 11 பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே, பழுதேதுமில்லாத கணினிகள் பல வீட்டு அலுமாரிகளிலே உறங்குகின்றன. அவை குப்பைக்குச் செல்லவேண்டியனவா, மாணவன் ஒருவனின் மேசைக்குச் செல்லத்தக்கனவா என்பதே எம் வினா.

முதலில் ஹைக்கூ. அப்பிள் கம்பனியில் உயர்பதவி வகித்த ஜான் லூயி கசே 1990 இல் தொடங்கிய நிறுவனம் பீஓஎஸ் என்னும் முறைமையை ஆக்கியது. 1996 இல் அப்பிள் தனக்கொரு புதிய முறைமையைத் தேடியபோது பீஓஎஸ்சையும் ஆராய்ந்து, ஈற்றில் நெக்ஸ்ற் நிறுவனத்தையே தெரிந்துகொண்டது. 2001 இல் பீ நிறுவனத்தின் உடைமைகள் பாம் கம்பனிக்கு விற்கப்பட்டன. அதே ஆண்டில் ஆர்வலர் சிலர் அம்முறைமையைத் திறந்த மூலமாகப் புதிதாய் எழுதத் தொடங்கினர். 2004 இல் அதற்கு ஹைக்கூ என்று பெயரிட்டனர். பீஓஎஸ்சின் இணைய உலாவி, பிழைச் செய்திகளை ஹைக்கூச் செய்யுள் வடிவிலே கூறுவதுண்டு; அவ்வழக்கை நினைவூட்டுவது இப்பெயர்.

2024 செப்டெம்பரில் வெளியான ஐந்தாம் பரீட்சார்த்தப் பதிப்பை நாம் நிறுவினோம். 2 கிகாபைற் நினைவகமே உடைய எமது கணினி, புதியது போலச் சுறுசுறுப்பாய் இயங்கிற்று. எம்மை மிகக் கவர்ந்தது அதன் கோப்பு முறைமையாகும். ஒவ்வொரு கோப்புடனும் பெயர், நகர், தொலைபேசி எண் முதலிய பண்புகளை இணைத்து வைக்கலாம். பழைய மாணவர் விலாசங்கள் சிலவற்றை இவ்வாறு பதிந்தோம். ஆளுக்கொரு கோப்பு, கோப்பினுள்ளே ஓர் எழுத்தும் இல்லை, விபரமெல்லாம் பண்புகளிலேயே உள்ளது. ‘இலண்டனில் வதிவோர் யாவர்?’ என வினவின் கணத்தில் பட்டியல் வரும். புதியவர் ஒருவரைச் சேர்த்தால் திறந்திருக்கும் பட்டியலிலே அவர் பெயரும் தானே தோன்றும். தேடவேண்டிய பண்புக்குச் சுட்டியை முன்னதாகவே அமைத்தல் வேண்டும்; பின்னர் அமைக்கும் சுட்டி, முன்னே பதிந்த கோப்புகளைத் தானாகக் காட்டாது. தனியொரு தரவுத்தள மென்பொருளின்றி இத்துணையும் நிகழ்தல் வியப்பன்றோ! இக்கோப்பு முறைமையை வகுத்தவருள் ஒருவரான டொமினிக் ஜாம்பாவோலோ, பின்னர் அப்பிளிலே ஸ்பொட்லைற் தேடற் கருவியில் உழைத்தார்.

இடர் வந்தது வேறோரிடத்தில். எமது கணினியிலிருந்த கம்பியில்லா வலையமைப்புச் சில்லை ஹைக்கூ இனங்காணவில்லை. சில்லுக்கும் முறைமைக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாய் நிற்பது சாதனச் செலுத்தி. அதனை எழுதுதற்கு வேண்டும் விபரங்களைச் சில்லுச் செய்வோர் பலர் வெளியிடுவதில்லை. ஆகவே ஹைக்கூக் குழுவினர், பிரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி ஆகியவற்றின் செலுத்திகளையே இரவல் வாங்கி இணைத்துள்ளனர். உரிமம் அதற்கு இடந்தருகின்றது. சிறியன ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இவ்வொழுங்கு இன்றேல் இவை என்றோ மறைந்திருக்கும் என்பது எம் கருத்து. நாம் கம்பி இணைப்பைக் கொண்டு காரியம் முடித்தோம்.

தியோ டி ராட் 1995 இல் நெற்பிஎஸ்டியிலிருந்து பிரித்துத் தொடங்கிய ஓப்பன்பிஎஸ்டி, அச்சில்லை உடனே இனங்கண்டது. ஆயினும் சில்லினுள் ஏற்றவேண்டிய நுண்மென்பொருளைத் தாராளமாக விநியோகிக்க அதனைச் செய்தோரின் உரிமம் இடந்தராமையால், அது நிறுவற் பொதியில் இல்லை. இணையத்தினின்று பெறல் வேண்டும். இணையம் பெறுதற்கு இணையம்! கைத்தொலைபேசியை யூஎஸ்பி வடத்தாற் பிணைத்து அம்முடிச்சை அவிழ்த்தோம். புளூடூத் அறவே இல்லை. பேணுவாரற்றுக் கிடந்த அந்நிரலை 2014 இல் நீக்கிவிட்டனர். காதணிக் கருவி பயனற்றதாயினும், பேணாததை வைத்திராத நேர்மையை நாம் மதிக்கின்றோம். உடன்வரும் கையேடுகளோ, நாம் கண்ட கணினிக் கையேடுகளுள் தலைசிறந்தவை. யூனிக்ஸ் பயில விழையும் மாணவனுக்கு இதனையே கொடுப்போம். எழுத்து வேலைக்கும் வாசிப்புக்கும் மட்டும் கணினி வேண்டுவோர்க்கு ஹைக்கூ போதும். வங்கிக் கருமத்துக்கும் நிகழ்நிலை வகுப்புக்கும் இவற்றை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

பரீட்சிக்க விரும்புவோர் ஹைக்கூவை யூஎஸ்பி நினைவுக்கோலிலிருந்தே, வன்தட்டைத் தொடாமல், இயக்கிப் பார்க்கலாம். ஓப்பன்பிஎஸ்டி நிறுவும்போது முழு வன்தட்டையும் எடுத்துக்கொள்ளவோ என்று கேட்கும். ‘ஆம்’ எனுமுன் கோப்புகளையெல்லாம் வேறோரிடத்திற் பிரதிசெய்துகொள்க.