பல்லில் கை வைப்பதற்கு முன்

அம்பத்தூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரி பெரியம்மா, சரி பெரியம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத்தில்.

உன் அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாளைப் பெரிதாக்கிப் படித்தேன். நீ சேர்ந்திருக்கும் ஏவியேஷன் பயிற்சி நிலையம் கைகாட்டிய கிளினிக்கில் கொடுத்தது. 'ஸ்மைல் மேக்ஓவர் பேக்கேஜ்' என்று தலைப்பு. மேல்வரிசையில் பத்து வெனீர், ஈறைச் சீராக்க லேசர், கீழ்வரிசைக்கு பிளீச்சிங், 24 மாதத் தவணை. அரசு மருத்துவமனையில் பல் டாக்டராகவே காலத்தை ஓட்டியவள் நான். தாளில் முதலில் தேடியது எக்ஸ்ரேயைத்தான். அது இல்லை. எந்தப் பல்லில் என்ன கோளாறு என்று ஒரு வரியும் இல்லை. விலை மட்டும் பைசா சுத்தமாக இருக்கிறது.

ஏர்ஹோஸ்டஸ் வேலைக்குப் போகாதே என்று சொல்ல வரவில்லை. அதை உன் பெரியப்பா சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். "பல்லில் என்னடி இருக்கிறது, குணம்தானே முக்கியம்" என்றும் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க மற்றவர் முகத்துக்கு எதிரே நின்று பேசுகிற வேலை. பல்லைப் பார்க்கத்தான் செய்வார்கள். நீயும் போட்டோவில் உதட்டை மூடிக்கொண்டே நிற்பதை நான் கவனிக்காமல் இல்லை.

முதலில் உன் முன்பல்லில் இருக்கும் அந்தப் பழுப்புத் திட்டுகள். நீ சரியாகப் பல் துலக்காததால் வந்தவை அல்ல அவை. ஆறு வயது வரை பென்னாகரத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தாய், போர் தண்ணீர் குடித்தாய். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது நம் நாட்டுத் தர அளவு. நிரந்தரப் பற்களின் எனாமல் ஈறுக்குள்ளே உருவாகிற வயதில் அதற்கு மேல் உடம்பில் சேர்ந்தால், முளைக்கும்போதே பல் திட்டுத் திட்டாக வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் ஊருக்கு வர 2013 ஆகிவிட்டது. அதற்குள் நீ ஆவடிக்கு வந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய்.

உன் பல்லை நான் பார்த்தவரை திட்டு ஆழமாக இல்லை. அதற்கு மைக்ரோஅப்ரேஷன் என்று ஒரு சிகிச்சை இருக்கிறது. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் கட்டி, ஈறில் படாமல், அமிலமும் பியூமிஸ் பொடியும் கலந்த பசையை முன்பல்லில் சில விநாடிகள் தேய்த்துக் கழுவுவார்கள். பிறகு இன்னொரு முறை. மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான் போகும். பிறகு உன் வாய் அளவுக்குச் செய்த டிரேயில் லேசான பிளீச்சிங் ஜெல் ஊற்றி வீட்டிலேயே இரண்டு வாரம் இரவில் போட்டுக்கொள்வது. கொஞ்சம் கூசும், நிறுத்தினால் சரியாகிவிடும். அதற்கும் மிஞ்சி எங்காவது திட்டு தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் பல் நிறத்தில் காம்போசிட் வைத்து மூடலாம். உடைந்தால் ஒட்டலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். மேல்வரிசையில் அந்தச் சிங்கப்பல் கொஞ்சம் ஏறி நிற்கிறது. அதைக் கண்ணாடி மாதிரி இருக்கும் அலைனர் போட்டு மெல்ல இறக்கலாம். வேண்டாமென்றால் அப்படியே விடு. ஜப்பானில் பதினைந்து வருடத்துக்கு முன் பெண்கள் காசு கொடுத்து அப்படிப் பல் வைத்துக்கொண்டார்கள். நமக்குச் சும்மா வந்திருக்கிறது.

இப்போது வெனீர். முன்பல்லின் முகப்பை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிவிட்டு, அதன் மேல் மெல்லிய பீங்கான் தகடு ஒட்டுவது. அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். முன்பல்லின் நடுவில் எனாமலே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், ஈறுப் பக்கம் அதைவிட மெல்லிசு. எனாமல் திரும்ப முளைக்காது. நகம் வளரும், எலும்பு கூடும். இது மட்டும் போனால் போனதுதான். நல்ல கையில் செய்த வெனீர் பத்து, பதினைந்து வருடம் வரும். உனக்கு இப்போது இருபது. முப்பத்தைந்துக்குள் ஒருமுறை, ஐம்பதுக்குள் இன்னொரு முறை, அதற்குப் பிறகும் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் பல் போகும். தவணை 24 மாதத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை இது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. வெனீர் என்று பேசிவிட்டு, பல்லைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் செதுக்கிக் கேப் மாட்டிவிடுவார்கள். செய்கிறவருக்கு அது சுலபம். இங்கிலாந்திலிருந்து துருக்கிக்குப் போய்ப் பல் கட்டிக்கொண்டு வந்தவர்கள் பலருக்கு இப்படித்தான் ஆயிற்று. 'டர்க்கி டீத்' என்று அதற்கு அங்கே கேலிப் பெயரே விழுந்துவிட்டது. இருபது வயதில் பல்லுக்குள் இருக்கும் நரம்பறை பெரிதாக இருக்கும். அவ்வளவு செதுக்கினால் நரம்பு செத்து, நல்ல பல்லுக்கு ரூட் கேனால் செய்ய வேண்டி வரும். உனக்கு எது செய்யப்போகிறார்கள் என்று அந்தத் தாளை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் வாயைத் திறக்காதே.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷேட் கார்டைக் காட்டி எது வேண்டும் என்பார்கள், நீ கடைசிக் கோடியில் இருக்கும் வெள்ளையைக் காட்டுவாய். நம் நிற முகத்தில் அது பாத்ரூம் டைல்ஸ் பதித்த மாதிரி இருக்கும். எதிரில் நிற்பவர் உன் கண்ணைப் பார்க்காமல் பல்லையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது உன் தொழிலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. மேல் முன்பற்களின் நீளமும் கனமும் மாறினால் பேச்சு மாறும். மேல்பல் கீழுதட்டைத் தொடும்போதுதான் 'ஃப', 'வ' சரியாக வரும். பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் காற்றுப் போகிற இடுக்கில்தான் 'ஸ' பிறக்கிறது. அதனால்தான் முன்பல் கட்டும்போது ஐம்பதிலிருந்து அறுபத்தொன்பது வரை ஆங்கிலத்தில் எண்ணச் சொல்லிக் கேட்போம். ஃபிஃப்டி ஃபைவில் இடறினால் பல் நீளம், சிக்ஸ்டி சிக்ஸில் சீட்டியடித்தால் இடைவெளி சரியில்லை. தடித்த வெனீர் பத்தை ஒரே நாளில் ஒட்டிக்கொண்டு போய் நேர்காணலில் அறிவிப்பு வாசித்துக் காட்டு என்றால் என்ன செய்வாய்? தற்காலிக மாதிரியை வாயில் வைத்துச் சில நாள் பேசிப் பார்க்கக் கொடுப்பார்களா என்று கேட்டாயா?

தெளிவான பேச்சு நேர்காணலுக்கு மட்டும் இல்லை. 2024 ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இன்னொரு விமானத்தில் மோதித் தீப்பிடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே 379 பேர். அத்தனை பேரும் உயிரோடு இறங்கினார்கள். அறிவிப்புக் கருவி வேலை செய்யாமல் போக, பணிப்பெண்கள் மெகாபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தித்தான் இறக்கிவிட்டார்கள். நீ போக ஆசைப்படும் வேலை அது. சிரிப்பு அதில் ஒரு பகுதி.

வெளியே தெரியாத பல்தான் விமானத்தில் ஆளைப் படுத்தும். பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலை மேல் நிற்பதற்குச் சமம். எட்டாயிரம் அடியில் அழுத்தம் தரையில் இருப்பதைவிடக் கால் பங்கு குறைவு. அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். சொத்தைக்குள், சரியாக அடைக்காத ஃபில்லிங்குக்குக் கீழே, சீழ் பிடித்த வேரில் காற்று சிக்கியிருந்தால் மேலே ஏறியதும் உயிர் போகிற வலி வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானிகளிடமே இதைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார்கள். பயணிக்கு ஒரு நாள் அவஸ்தை. உனக்குத் தினசரி பிழைப்பு. போன பொங்கலுக்கு வந்தபோது கரும்பை ஒரு பக்கமாகவே கடித்தாய். அந்தக் கடைவாய்ப்பல்லைப் பற்றி பேக்கேஜில் ஒரு சொல் இல்லை. கேபின் காற்று வேறு வறண்டது. வாய் காய்ந்தால் சொத்தை சீக்கிரம் வரும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இரவு படுக்கும் முன் ஃபுளோரைடு பேஸ்டில் துலக்க வேண்டும். ஆமாம், அதே ஃபுளோரைடுதான். முளைத்த பல்லுக்கு அளவோடு பட்டால் மருந்து.

விமான நிறுவனங்கள் கேட்பதை எல்லாம் செய்தாக வேண்டும் என்று நீ நினைப்பாய். அவர்கள் கேட்பது காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஏர் இந்தியாவில் ஒரு காலத்தில் ஏர்ஹோஸ்டஸ் முதல் தடவை கர்ப்பமானாலே வேலை போய்விடும். நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981இல் அந்த விதியை அடித்துத் தள்ளியது. சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை மட்டும் விட்டுவைத்தது. அது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை. பிறகு எடை. 2015இல் பி.எம்.ஐ. கூடிப்போன சுமார் 125 பேரைப் பறக்கும் பணியிலிருந்து இறக்க முடிவெடுத்தார்கள். டாடா கைக்குப் போன பின் 2022இல் வந்த அலங்கார விதிகளில் நரைமுடி தெரியக் கூடாது, பொட்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் கூடாது, வழுக்கை விழுந்த ஆண்கள் தினமும் மொட்டையடித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் இருந்தன. அந்தப் பக்கம் விர்ஜின் அட்லான்டிக் 2019இல் பெண்களுக்கு மேக்கப் கட்டாயமில்லை என்றது, 2022இல் பச்சை குத்தியது தெரிந்தாலும் பரவாயில்லை என்றது. நரைக்குச் சாயம் பூசலாம், பொட்டைச் சின்னதாக வைக்கலாம், வேலையை விட்டால் பழையபடி ஆகிவிடலாம். சீவிய பல்லை என்ன செய்வாய்?

தேவை என்று எழுத்தில் இருப்பதையும் பயிற்சி நிலையம் வாயால் சொல்வதையும் பிரித்துப் பார். எமிரேட்ஸ் உயரம் 160 சென்டிமீட்டர் வேண்டும், நுனிக்காலில் நின்று கையை நீட்டினால் 212 எட்ட வேண்டும் என்று அளவு சொல்கிறது. மேலே இருக்கும் அவசரகாலக் கருவிகளை எடுக்க வேண்டுமே, அதற்காக. மேல்வரிசையில் பத்துப் பீங்கான் பல் வேண்டும் என்று எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. உனக்கு யாராவது காட்டியிருந்தால் அந்தத் தாளையும் எனக்கு அனுப்பு. பயிற்சி நிலையத்துக்கும் அந்தக் கிளினிக்குக்கும் என்ன ஏற்பாடு என்று எனக்குத் தெரியாது, நீ விசாரி. இருபது பெண்கள் படிக்கிற வகுப்பில் எல்லோருக்கும் ஒரே சிகிச்சை எழுதியிருந்தால் அது சிகிச்சை இல்லை, வியாபாரம்.

அப்பா எச்.வி.எஃப். தொழிற்சாலையில் வெயிலிலும் எண்ணெயிலும் நின்று சேர்த்த பி.எஃப். பணத்தில் கை வைக்கும் முன் ஒரு நாள் செலவழி. ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ் ஏறி, அங்கிருந்து வேலப்பன்சாவடி போனால் சவீதா பல் மருத்துவக் கல்லூரி. இன்னும் கொஞ்சம் தள்ளி மதுரவாயலில் மீனாட்சி அம்மாள். அரசு இடம்தான் வேண்டும் என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953இலிருந்து நடக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி. கல்லூரியில் மாணவர்கள்தான் செய்வார்கள், பேராசிரியர் பக்கத்தில் நின்று பார்ப்பார். நேரம் இழுக்கும், நாலு நடை நடக்க வேண்டும், ஆனால் செலவு குறைவு. யாரும் அவசரப்படுத்தி எதையும் உன் தலையில் கட்ட மாட்டார்கள். முதலில் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே. அதில் கடைவாய்ப்பல்லும் ஞானப்பல்லும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். பிறகு கிளீனிங், சொத்தைக்கு ஃபில்லிங். அதெல்லாம் முடிந்த பிறகுதான் முன்பல் திட்டு. எங்கே போனாலும் டாக்டர் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பலகையில் எண்ணைப் பார். பியூட்டி பார்லரில் பல் வெளுக்கிறோம் என்றால் அந்தத் தெருவிலேயே நடக்காதே.

எல்லாம் செய்த பிறகும், மூன்று நான்கு வருடம் வேலை பார்த்து உன் சம்பளத்தில் உனக்கே வெனீர் வேண்டும் என்று தோன்றினால் அப்போது போட்டுக்கொள். பல் கட்டுவதில் தேர்ந்த நல்ல புரோஸ்தடான்டிஸ்ட் பெயரை நானே சொல்கிறேன்.

இப்போதைக்கு அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. முன்பணம் கட்டியிருந்தால் அப்பாவை அழைத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கேள், ரசீதை மறக்காமல் எடுத்துப் போ. அடுத்த வாரம் உனக்கு எந்த நாள் வகுப்பு இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடு. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குக் காலை எட்டரைக்கு நானும் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா