தெளிந்த நீரும் நல்ல நீரும்

தாராவியின் பல வீடுகளில் குழாய்நீர் நாள் முழுவதும் வருவதில்லை. வரும் வேளையில் பிடித்து, டிரம்மிலும் குடத்திலும் நிரப்பி வைப்பதே வழக்கம். மும்பைக்கு நீர் வழங்கும் ஏழு ஏரிகளிலிருந்து வரும் அந்நீரில், நோய்க்கிருமிகளை ஒழிப்பதற்காகக் குளோரின் சேர்க்கப்படுகிறது. நமக்குக் காவலாகும் குளோரின் மீனுக்குக் கேடாகும். அதன் செவுள்களைப் புண்ணாக்கும். ஆதலால், வண்ணமீன் வளர்ப்போர் குழாய்நீரை உடனே தொட்டியில் ஊற்றலாகாது. வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் காற்றில் கலந்துவிடும். கொசு முட்டையிடாதவாறு பாத்திரத்தை மெல்லிய துணியால் மூடுதல் வேண்டும்.

குளோரின் நீங்கினாலும் புதிய தொட்டி மீன்களுக்கு உடனே ஏற்றதாகிவிடாது. மீனின் கழிவாலும், எஞ்சிய இரை அழுகுவதாலும் நீரில் அம்மோனியா உண்டாகிறது. அது நிறமற்றது. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும்போதே மீனைக் கொல்ல வல்லது. ஒருவகை நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனைக் கேடு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். நீர்ச்செடிகள் நைட்ரேட்டை உரமாகக் கொள்ளும்.

இந்நுண்ணுயிரிகள் வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருக ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடாமல், நாள்தோறும் சிறிதளவு இரையை மட்டும் நீரில் இட்டு, வடிகட்டியை இயக்கி வருக. சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்தபின், முதலில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விடுக. முதல் நாளே பல மீன்களை விடுவோர் அவற்றை விரைவில் இழப்பது இக்காரணத்தாலேயே.

நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு பி.எச். எனப்படும். 7 என்பது நடுநிலை. அதனினும் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். நன்னீர் வண்ணமீன்கள் பலவற்றுக்கு 6.5 முதல் 7.5 வரை ஏற்றது. காரம் மிகுந்தால் அம்மோனியாவின் நச்சும் மிகும்.

வாரந்தோறும் நீரில் கால்பங்கை மாற்றுக, முழுவதையும் மாற்றற்க. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது மீனுக்கு இடும் இரைக்கும் பொருந்தும். மீன் வளர்ப்பவர் முதலில் வளர்க்க வேண்டியது நீரையே.

சொற்பொருள்
செவுள் – மீனின் மூச்சு உறுப்பு
எஞ்சிய – மீந்த
மடியும் – இறக்கும்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: அந்நீர், வாயகன்ற, இக்காரணம்.
2. எதிர்ச்சொல் தருக: தெளிந்த, நன்மை, மிகுந்த.
3. 40 லிட்டர் தொட்டியில் வாரந்தோறும் எத்தனை லிட்டர் நீரை மாற்றுதல் வேண்டும்?
4. 'தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் அன்று.' பாடத்திலிருந்து இரு காரணங்கள் காட்டி விளக்குக.
5. உங்கள் வீட்டில் நீர் வரும் நேரத்தையும் சேமிக்கும் முறையையும் ஐந்து தொடர்களில் எழுதுக.