சோறும் கூரையும்

சென்னை மாநகரின் வடபால், கடற்காற்று ஓயாது வீசும் இராயபுரத்தை அடுத்து ஸ்டான்லி மருத்துவமனை உள்ளது. வடசென்னை முதியோர் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே வழங்குவர். பெரியதொரு மருத்துவமனைக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது?

1780இல் ஐதர் அலி கருநாடகத்தின்மீது படையெடுத்தார். உழவு நின்றது; பஞ்சம் தலைவிரித்தாடியது. பசித்தோர் திரள்திரளாகச் சென்னையை நாடினர். 1782இல் அவர்கட்குக் கஞ்சி வார்க்க ஒரு சத்திரம் எழுந்தது. ஊர் மணியக்காரரின் பெயரால் அது மணியக்காரர் சத்திரம் எனப்பட்டது. ஆங்கிலேயர் நாவில் அப்பெயர் 'மோனிகர்' எனத் திரிந்தது. 1799இல் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அங்கு நோயுற்றோரைப் பேணத் தொடங்கினார். அந்நிலையமே வளர்ந்து இன்றைய மருத்துவமனை ஆயிற்று.

சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். ஆனால் இங்குப் புகுந்தோருள் போக்கிடம் அற்றவரும் இருந்தனர். அவர்கட்குச் சோறும் கூரையும் கிடைத்தன. பசிக்கு இட்ட கஞ்சியைச் சிறிதென இகழ்பவர் பசி அறியாதவர். ஆயினும், ஒருவர் முப்பது ஆண்டுகள் ஓரிடத்தில் வாழ வேண்டுமாயின், சோறும் கூரையுமே அமையுமோ?

அமெரிக்காவில், டியூக்ஸ்பரி என்னும் ஊரில் இத்தகைய அறச்சாலை ஒன்று இருந்தது. 1876இல் ஆனி சல்லிவன் என்னும் சிறுமி, கண்பார்வை பெரிதும் மங்கிய நிலையில், தன் தம்பியோடு அங்குச் சேர்க்கப்பட்டாள். சில திங்களில் தம்பி அங்கேயே இறந்தான். 1880இல் அவள் பாஸ்டன் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியை அடைந்தாள். அவளே 1887இல், கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லருக்கு ஆசிரியை ஆயினாள். சிறுமியின் ஒரு கையில் நீரைப் பாய்ச்சி, மறு கையில் 'நீர்' என்னும் சொல்லை எழுத்தெழுத்தாக உணர்த்திய நிகழ்ச்சி உலகறிந்தது.

பாட நூல்கள் பெரும்பாலும் அந்நிகழ்ச்சியோடு நின்றுவிடும். ஹெலனோ அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1904இல் பட்டம் பெற்றார். 1955இல் இந்தியாவுக்கும் வந்தார். 1936இல் சல்லிவன் மறையும் வரை அவரும், பின்னர் 1960 வரை பாலி தாம்சன் என்னும் அம்மையாரும் உடனிருந்து உதவினர். ஆயினும் ஹெலன் எவருடைய சத்திரத்திலும் தங்கியவர் அல்லர். தம் இல்லத்தில், தம் விருப்பின்படி வாழ்ந்தார். துணை பிறருடையது, வாழ்க்கை அவருடையது.

எல்லாரும் ஹெலன் ஆகார். பார்வையின்மையோடு செவிக்குறையும், அறிவு வளர்ச்சிக் குறையும், கைகால் தளர்ச்சியும் ஒருங்கே உடையோர் உளர். எண்ணூரில் பிறந்து வளர்ந்த அத்தகைய இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் பேசார், ஆனால் அறியாதவர் அல்லர். முகத்தில் படும் கடற்காற்றால் வாயில் இருக்கும் திசையை அறிவார். மீன் மணத்தால் சந்தை நெருங்கியதை அறிவார். தரை அதிர்ந்தால் கனவண்டி செல்வதை உணர்வார். தொல்காப்பியர் உயிர்களை வகுத்தபோது உற்றறியும் மெய்யறிவையே முதலறிவாக வைத்தார் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. இவரைத் தொலைவூரில் உள்ள பெரிய விடுதி ஒன்றில் சேர்த்தால், காற்றும் மணமும் அதிர்வும் மாறிவிடும். முன்னரே பார்வை இல்லாதவர் இரண்டாம் முறையும் பார்வை இழந்தவர் ஆவார்.

ஆதலின் நால்வரோ ஐவரோ வாழும் சிறு வீடு, பழகிய தெருவிலேயே அமைவது நன்று. அங்கே சுவரோரம் கயிறு கட்டி வழி காட்டலாம். அவரவர் கதவில் கயிற்றுச் சுருளோ, மரக்கட்டையோ, துணியோ பதித்து, தொட்டவுடன் தம் அறை என அறியச் செய்யலாம். கையில் குவளையைக் கொடுத்தால் நீராடும் வேளை; தட்டைக் கொடுத்தால் உண்ணும் வேளை. இரண்டு சட்டைகளைத் தொடச்செய்து, அவர் பற்றிய சட்டையை அணிவித்தல் சிறு செயலே. எனினும் அவருடைய விருப்பம் கேட்கப்பட்டது அங்கேதான். துணைபுரிவோர் அவர் கையைப் பற்றி இழுத்தல் ஆகாது. தம் கையை அவர் கையின்கீழ் வைத்து, அவர் பற்றிக்கொள்ளும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். இப்பொறுமைக்கு ஆள் வேண்டும். ஆளுக்கு ஊதியம் வேண்டும். அன்பு ஒன்றே போதும் என்பார் இதனை மறந்து பேசுகின்றனர்.

இது கருணையால் அளிக்கும் கொடை மட்டும் அன்று. 2007இல் இந்தியா ஏற்ற ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், சமுதாயத்தின் நடுவே வாழ்தலை உரிமையாகக் கூறுகின்றன. இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்று ஒருவரைக் கட்டாயப்படுத்துதல் கூடாது என்பது அவற்றின் கருத்து. செவியும் பார்வையும் ஒருங்கே இழந்த நிலையும் அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. சட்டம் வந்த விரைவில் வீடுகள் வரவில்லை.

துறைமுகத்தில் மூட்டை சுமந்து மூத்த தந்தையும், மீன் விற்று மகனைக் காத்த தாயும், "எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?" என்று கேட்கின்றனர். அவ்வினாவுக்கு விடையைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே தேடுதல் வேண்டும். முதலில் ஒரு பகல், பின்னர் ஓர் இரவு, பின்னர் ஒரு வாரம் என மகன் புதிய வீட்டில் பழகுகிறான். தாயும் உடன் சென்று, அவன் விரும்பும் சோற்றின் பதம், அவன் அஞ்சும் அதிர்வு, வயிறு நோகும்போது அவன் விரல்களை மடக்கும் விதம் ஆகியவற்றைத் துணைபுரிவோர்க்குக் கற்பிக்கிறாள். அவ்வறிவு எந்நூலிலும் எழுதப்படவில்லை. அவள் ஒருத்தியிடமே உள்ளது.