பச்சை நிறத்துக்குள் ஒரு போர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய தருமபுரி நிலத்தடி நீர்த் தர வரைபடம் கிடைத்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மாவட்டத்தில் பாதிக்கு மேல் பச்சை, அதாவது நல்ல நீர். அதுதான் எனக்கு இடிக்கிறது. ஃபுளோரைடுக்குப் பயந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்த மாவட்டம் அது. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் இருக்கிறது.

உன் நீர்த் தரக் குறியீட்டை ஒரு கணக்குப் போட்டுப் பார். நைட்ரேட்டுக்கு 5, ஃபுளோரைடுக்கு 4, கால்சியத்துக்கு 2 என்று வழக்கமான எடைகளைத்தான் நீயும் வைத்திருக்கிறாய், மற்றவற்றையும் சேர்த்து மொத்தம் 32. ஃபுளோரைடுக்குக் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு. ஒரு போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், அது லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் என்று வை. ஏற்கத்தக்க அளவு 1 என்பதால், அதை நூறாக வைத்தால் மதிப்பு 240. எட்டில் ஒன்று 30. மற்றவை எல்லாம் தத்தம் அளவில் பாதியில் நின்றால் அவற்றால் வருவது 44. ஆக 74. நூறுக்குள் இருக்கிறதே என்று உன் அட்டவணை அதற்கு 'நல்ல நீர்' பட்டம் கொடுத்துவிடும். வேறு தண்ணீரே இல்லாத ஊருக்கும் இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500 விட்டுக்கொடுக்கும் எல்லை 1.5தான். இந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை ஏறும். குளோரைடு குறைவாக இருப்பது அந்தப் பல்லுக்கு என்ன ஆறுதல்?

தரத்தை ஒரே எண்ணில் சொல்லும் யோசனையை ஹார்டன் 1965இல் முன்வைத்தார். கலெக்டர் மேஜைக்கு அது வசதி. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் இவற்றில் ஒன்று எல்லை தாண்டினாலும் அந்தப் போருக்குச் சிவப்பு போட்டுவிடு. குறியீட்டுக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

வண்ணத்துக்கு வருகிறேன். வத்தல்மலை மேல் நீ ஒரு மாதிரிகூட எடுக்கவில்லை, அங்கேயும் பச்சை. இரண்டு புள்ளி கொடுத்தால் மென்பொருள் நடுவே இருப்பதைத் தூரத்தை வைத்து நிரப்பிவிடும். அது பாறையைப் பார்ப்பதில்லை. கெட்டிப் பாறைப் பூமியில் தண்ணீர் விரிசல் வழியே ஓடுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கொல்லையிலேயே ஒன்று உப்பாகவும் ஒன்று நல்ல தண்ணீராகவும் இருக்கும். நீயோ 40 அடிக் கிணற்றையும் 600 அடி போரையும் ஒரே படத்தில் கலந்திருக்கிறாய். ஆழம் வாரியாகப் பிரி. மாதிரி எடுத்த இடங்களைப் புள்ளியாகவே காட்டு. மிச்சம் வெள்ளையாகக் கிடந்தால் கிடக்கட்டும்.

நானும் ஒருமுறை, பம்பைக் கொஞ்ச நேரம் ஓடவிடாமல் குழாயில் தேங்கியிருந்ததைப் பிடித்துவந்து ஒரு கிராமத்தையே தப்பாக எழுதினேன். ஆய்வு முடிவு வந்ததும் அயனிகளையும் கூட்டிப் பார். நேர், எதிர் மின்னூட்டங்களுக்குள் வித்தியாசம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஆய்வு முடிவை நம்பாதே. பிஎச்சை லேபுக்கு வந்து பார்க்காதே; பம்படியிலேயே பார்த்துக் குறித்துக்கொள்.

இன்னொன்று. இது மே மாதத் தண்ணீரா, மழை முடிந்த ஜனவரித் தண்ணீரா என்று படத்தில் எங்கேயும் எழுதவில்லை. எழுதி, போர்களின் ஆழத்தோடு மறுபடி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்